பாம்படம் வரைக்கும் (கடிதம்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் வீடு திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பமும், பத்து வருஷப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்கும் நனைந்துவிட்டன. ஆல்பத்தில் பாதி ஒட்டிக்கொண்டது. மீதியைக் காயவைத்து எடுத்தோம். அதில் ஒன்றை இணைத்திருக்கிறேன். டிஸ்கை அரிசிக்குள் ஒரு வாரம் போட்டு வைத்து, பிறகு சொருகினேன். டக், டக் என்று சத்தம் மட்டும் வந்தது. இப்போது போனில் பதினெட்டாயிரம் படம் இருக்கிறது. மகளுக்கு நாலு வயது. அவள் காலத்துக்கும் இருக்க வேண்டும் என்றால் எதில் வைப்பது? கூகுளா, பென் டிரைவா, சிடியா? கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஆச்சி, “பேசாம கண்ணாடி போட்டு சொவத்துல மாட்டுல” என்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த டிஸ்க். இனிமேல் அதைச் சொருகாதீர்கள். உள்ளே தட்டு சுழலும்போது, அதைப் படிக்கிற முனை மயிரிழையைவிடக் குறைந்த உயரத்தில் பறந்துகொண்டிருக்கும். வெள்ளத்து வண்டலில் ஒரு துணுக்கு போதும், தட்டைக் கீறிவிடும். டக் டக் என்பது முனை இடம் தெரியாமல் தடுமாறுகிற சத்தம். தூசி புகாத அறையில் பிரித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். உள்ளே இருப்பது அவ்வளவு பெறுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அரிசியைப் பொறுத்தவரை, அது சோறாவதுதான் நல்லது.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்க வேண்டாம். உறையோடு சேர்த்தே, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

எதில் வைப்பது என்று கேட்டீர்கள். எதில் வைத்தாலும் ஒருநாள் போகும். 2006-ல் என் தங்கை கல்யாணம். ஸ்டுடியோக்காரர் எல்லாப் படத்தையும் ஒரு சிடியில் போட்டு, “ஆயுசுக்கும் இருக்கும் சார்” என்று கொடுத்தார். நான் அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் ‘கல்யாணம்’ என்று அழுத்தி எழுதி டிவி ஸ்டாண்டில் வைத்தேன். சிடியில் படம் பதிந்திருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை, நாம் எழுதுகிற பக்கத்தை ஒட்டித்தான் என்பது அப்போது தெரியாது.

2019-ல் எங்கள் ஆச்சி தவறியபோது போஸ்டருக்குப் படம் தேடினோம். வீட்டில் எந்த லேப்டாப்பிலும் சிடி போட இடமே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு நண்பரின் பழைய கம்ப்யூட்டரில் திறந்தது. ஆச்சி மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிற படம். நெற்றி, திருநீறு, மூக்கு, காதில் தொங்கும் பாம்படம் வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது. பாம்படத்தின் குண்டு பாதியில், அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் நின்று, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். ஜேபெக் என்ற படக் கோப்பு பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் விரியும். நடுவில் ஓரிடம் கெட்டால் மிச்சம் அவ்வளவுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படம் பூஞ்சை பிடித்தாலும் ஆளைக் காட்டும். முகத்தை மட்டும் வெட்டிப் போஸ்டரில் போட்டோம்.

பிசான நெல் பருவத்துக்கு எடுத்து வைக்கிற விதைநெல்லை அப்பா பத்து வருஷத்துக்கென்று வைத்ததில்லை. விதைத்து, அறுத்து, அதிலிருந்து மறுபடி எடுப்பார். படங்களையும் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே காப்பி எடுத்தால் தரம் துளியும் குறையாது. திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால்தான் குறையும். பென் டிரைவ் கைமாற்றத்துக்குச் சரி. வருஷக்கணக்கில் மேஜைக்குள் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் கசிந்துவிடும்.

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறிடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் பரப்பியது. நம் ஊருக்கு நான் அதில் ஒன்று சேர்ப்பேன்: வேறிடம் என்றால் வேறு ஆறு. நீங்கள் மீனாட்சிபுரத்தில், அக்கா ஸ்ரீவைகுண்டத்தில் என்று இரண்டு டிஸ்க் வைத்தால், இரண்டும் தாமிரபரணிக் கரைதான். அந்த டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. மும்பையிலோ சென்னையிலோ சொந்தக்காரர் இல்லாமலா இருப்பார்கள், அவர்களிடம் ஒன்று கொடுங்கள். சென்னையும்தான் அதே மாதம் முழுகியது. ஆனால் நமக்கு இரண்டு வாரம் முன்னால். இரண்டு ஊரும் ஒரே ராத்திரியில் முழுகவில்லை, அதுதான் கணக்கு.

அந்த மூன்றில் ஒன்றாக கூகுள் இருக்கலாம். ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. 2021 ஜூனிலிருந்து இலவசம் 15 ஜிபிதான், மெயிலும் அதற்குள் அடக்கம். இரண்டு வருஷம் தொடாத கணக்கை அவர்கள் அழித்துவிடலாம். கணக்கு ஓய்ந்துபோனால் யாரிடம் போக வேண்டும் என்று ஒருவரைக் குறித்துவைக்க கூகுள் கணக்கின் செட்டிங்ஸில் இடம் இருக்கிறது. மனைவி பேரைப் போட்டுவிடுங்கள். போனில் கூகுள் போட்டோஸுக்குள் அழித்தால் அங்கேயும் அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தில் நம் பையன்கள் ஏற்றிய படமெல்லாம் எங்கே? 2014 செப்டம்பரில் கடையைச் சாத்திவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் ஆச்சி சொன்னதும் தப்பில்லை. இன்டர்நெட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், 2015-ல் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: முக்கியமான படமா, பிரின்ட் போட்டு வையுங்கள். பதினெட்டாயிரத்தையும் போட முடியாது. வருஷத்துக்கு இருபது போதும். பின்பக்கம் பென்சிலால் பேர் எழுதுங்கள்.

பேர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில் எடுத்த படம் ஒன்று முழுசாக இருக்கிறது, மூன்று டிஸ்கிலும். அப்பா தோளில் கைபோட்டு ஒருவர் சிரிக்கிறார். யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குப் போங்கள். உங்கள் ஆச்சியிடம் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். படத்துக்கும் ஒலிக்கும் ஒரே பேர் கொடுத்து, தேதியை முன்னால் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில், இடது ஓரத்தில், கையில் செம்போடு பாதி மறைந்து நிற்கிற அம்மா யார்? அதையும் கேட்டு எழுதுங்கள்.