வாழைநார்ச் சேலை: குஞ்சத்தைக் கொளுத்தி என்ன பயன்?

கேள்வி: ‘நூறு சதவீதம் வாழைநார், இயற்கைக்கு உகந்தது’ என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்கினேன். வந்தது பட்டு மாதிரி வழுக்குகிறது. நாங்கள் ஏத்தன் வாழை போடுகிற வீடு. மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நாரா? நல்லா ஏமாத்திட்டான்” என்கிறார். சந்தேகம் தீர முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலைக் கொளுத்தினேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. அப்படியானால் அசல்தானே? விற்றவரோ, ‘தள்ளுபடியில் வாங்கியதைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார்.
– ஒரு வாசகி, களக்காடு

பதில்: நான் உங்கள் மாமியார் கட்சி. பூக்கட்ட நார் கிழித்த கைக்குத் தெரியாததா? வாழைநார் விறைப்பானது. பஞ்சைப் போல மெல்லிசாகத் திரிக்க லேசில் வளையாது. அதனால் சேலை நெய்கிறவர்கள் பெரும்பாலும் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குப் பருத்தியோ பட்டோ போட்டுவிட்டு, வாழைநாரைக் குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் சேர்ப்பார்கள். சென்னைப் பக்கம் அனகாபுத்தூர் நெசவாளர்கள் பெயர் வாங்கியதும் இப்படிக் கலந்து நெய்துதான். கலப்பு என்பது குறையில்லை. கலந்துவிட்டு ‘நூறு சதவீதம்’ என்பதுதான் குறை.

சோதனை செய்தீர்களே, அங்கேதான் ஒரு சறுக்கல். முந்தானையில் தொங்கும் குஞ்சம் பாவு நூல். அசல் வாழைநார்ச் சேலையிலும் அது பருத்தியாக இருக்கலாம், காகிதம் மாதிரிதான் எரியும். நீங்கள் பார்க்க வேண்டியது குறுக்கே போகிற ஊடை இழை. சேலையின் வெட்டிய ஓரத்தில் ஊசி நுனியால் ஒன்றை நெம்பி, ஒரு சாண் நீளம் உருவுங்கள். வாழைநார் என்றால் முறுக்கில்லாமல், மெல்லிய வைக்கோல் மாதிரி, இடத்துக்கு இடம் தடிமன் மாறி இருக்கும். இரண்டு நாரை ஒட்டுப்போட்ட முடிச்சுகூடத் தட்டுப்படும். ஒரே சீராக, பளபளவென்று, மெஷினில் வந்த நூல் போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு அதையே கொளுத்துங்கள். உருகிச் சுருங்கி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நின்றால் பாலியஸ்டர். காகித வாசனையோடு எரிந்தால் மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோஸும் அப்படித்தான் எரியும். இன்னொரு இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள். விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழந்து சட்டென்று அறும். ‘பனானா சில்க்’, ‘பனானா கிரேப்’ என்ற பெயர்களை நம்பி நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கொளுத்திப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்றம். அந்தப் பெயர்களில் வாழை இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். ‘தள்ளுபடிப் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்பது இங்கே செல்லாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ‘புகார் வந்தது’ என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எழுதுவதற்கு முன்னாலேயே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அந்த ‘நூறு சதவீதம்’ தெரியும்படி. நாளைக்கே அதை மாற்றிவிடுவார்கள். சேலையைத் துவைக்காதீர்கள், டேக்கை வெட்டாதீர்கள்.

மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி அது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். நூலைப் பற்றித் தகராறு வந்தால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். ‘இயற்கைக்கு உகந்தது’ என்பதையும் புகாரில் சேருங்கள். ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை போட்டிருக்கிறது.

அடுத்த முறை வாங்கும்போது, பாவு என்ன, ஊடை என்ன என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நெய்தவருக்கும் நெய்தவரிடம் வாங்கி விற்பவருக்கும் அது தெரிந்திருக்கும். கைத்தறி முத்திரை இருந்தாலும் கேளுங்கள். அது கையால் நெய்தது என்பதற்குத்தான் சாட்சி, வாழைக்கு அல்ல.

கேள்வி: கண்காட்சியில் வாங்கிய வாழைநார்ப் பை ஐப்பசி மழையில் பூசணம் பிடித்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், பேட்டை

பதில்: ‘நனைந்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி விற்றிருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் கஷ்டம். ஈரத்தை உறிஞ்சுவது நாரின் குணம், தண்டாக இருந்தபோது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே அதில். காய்ந்த பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டிவிட்டு, இளவெயிலில் இரண்டு நாள் போடுங்கள். அப்புறம் பாலித்தீன் கவரில் கட்டி வைக்காமல், காற்றுப்படும் ஆணியில் மாட்டிவிடுங்கள்.