கிணத்துல இறங்க எந்த ஸ்கூபா செட்? வாசகர் கேள்வி - பதில்

இந்தத் தடவை வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், தண்ணில விழுந்தவங்கள அவசரமா தேடி இறங்கறதுக்கு என்ன ஸ்கூபா செட் (சிலிண்டர் காத்த வெச்சு தண்ணிக்கடியில மூச்சு விடற கருவி) நல்லதுன்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

வணக்கங்க. பவானிக்குப் பக்கத்துல நாங்க பத்துப் பன்னண்டு பேரு சேர்ந்து ஆத்துலயும் கெணத்துலயும் விழுந்தவங்கள எடுக்கப் போறமுங்க, ஸ்கூபா கோர்ஸும் முடிச்சிருக்கோம். ஒரு மில்லுக்காரர் ரெண்டு செட்டுக்குப் பணம் தர்றேன்னு சொல்லியிருக்காருங்க. இப்ப எங்களுக்குள்ளயே சண்டை. ஒரு கோஷ்டி காத்து அடைச்சு மிதக்கற ஜாக்கெட் கீக்கெட் வேண்டாம், முதுகுல 6 லிட்டர் சின்ன சிலிண்டர், ஒரு மாஸ்க், மாட்டுனமா குதிச்சமான்னு இருக்கோணுங்குது. இன்னொரு கோஷ்டி 12 லிட்டர், ஜாக்கெட், மூஞ்சிய முழுசா மூடற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் எல்லாம் வேணுங்குது. சீக்கிரமா இறங்கறதுக்கு எதுங்க தோது?
- தன்னார்வக் குழு வாசகர், பவானி

சண்டைய நிறுத்திட்டு முதல்ல ஒரு கணக்குப் போடுங்க. சேத்துல கைய விட்டுத் துழாவிக்கிட்டு, கண்ணு தெரியாம, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுத் தேடற ஆளு நிமிஷத்துக்கு 40 லிட்டர் காத்த சர்வசாதாரணமா இழுத்துருவாரு. 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால அதே மூச்சுக்கு சிலிண்டர்ல இருந்து 80 லிட்டர் போகும். 6 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் (காத்து அழுத்தத்தோட அளவு) அடிச்சா உள்ள இருக்கறது 1200 லிட்டர், கடைசி 50 பாரத் தொடக்கூடாதுன்னு ஒதுக்கினா 900, ஆக 11 நிமிஷம். 12 லிட்டர்னா 22 நிமிஷம். உங்க பக்கத்துக் கெணறுங்க ஆழத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, மழைக்கு அப்புறம் 20 மீட்டர் தண்ணி நின்னுச்சுன்னா அந்தச் சின்ன சிலிண்டர் அடியில ஏழரை நிமிஷத்துல முடிஞ்சிரும், இறங்கறது ஏறறது போக தேடறதுக்கு என்ன மிஞ்சும் சொல்லுங்க.

அதுக்காகச் சின்ன செட்டு வேலைக்கே ஆகாதுன்னு சொல்லல. கோயில் குளம், கல்குவாரி ஓரம், ஆறு ஏழு மீட்டருக்குள்ள ஆழம், இப்பத்தான் முங்கினான், முங்கின எடத்த நாலு பேரு பாத்திருக்காங்கன்னா அது நெஜமாவே கைகொடுக்கும். ஆனா ஜாக்கெட் இல்லாம இறங்கறவரு ஒரு விஷயத்த யோசிக்கணும். கீழ போறது சுலபம், மேல வர்றப்ப கையில இன்னொரு முழு ஆளு இருப்பாரு, கெணத்துக்குள்ள கால் வைக்கப் படிகூட இருக்காது, மேல இருந்து கயிறு இறங்கற வரைக்கும் ரெண்டு பேரையும் மிதக்க வைக்கறது எது? காத்து அடைக்கிற ஜாக்கெட்தான். அதோட, அலுமினிய சிலிண்டர் காலியாக ஆக மேல தூக்க ஆரம்பிக்கும், அடியில நிக்கவே விடாது, ஜாக்கெட் இல்லாத செட்டுல இது பெரிய தொல்லை. அதனால ஸ்டீல் சிலிண்டரா பாருங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு நேரம் வீணாகறது ஜாக்கெட் மாட்டறதுல இல்ல. கரைக்கு வந்து பையத் தொறந்து, வாய்க்குக் காத்து தர்ற ரெகுலேட்டர சிலிண்டர்ல தலைகீழா மாட்டி, கழட்டி, காத்து கசியாம அடைக்கற ரப்பர் ஓ-ரிங்கக் காணோம்னு தேடி, துடுப்பு காலுக்குப் பத்தலன்னு மாத்தி, அப்படித்தான் போகும். எல்லாத்தையும் மாட்டி, வால்வு தொறந்து அழுத்தம் பாத்து மூடி, ஜாக்கெட் பட்டையெல்லாம் முழுசா தளத்தி வண்டியிலயே நிறுத்தி வைங்க. தினமும் ஒருத்தர் அந்த மீட்டரப் பாக்கணும். இறங்கப் போறவரு வண்டி ஓடறப்பவே சூட் போட்டுக்கணும். அப்படி இருந்தா பெரிய செட்டும் சின்ன செட்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துலதான் தண்ணில இறங்கும்.

கசப்பான விஷயம் ஒண்ணும் சொல்லணும். மூச்சு நின்னு நாலஞ்சு நிமிஷம் தாண்டினா மூளைக்குச் சேதம் ஆரம்பிச்சிரும். 1999-ல நார்வேயில ஒரு லேடி டாக்டர் பனிக்கட்டிக்கு அடியில 80 நிமிஷம் மாட்டி, உடம்பு சூடு 13.7 டிகிரிக்கு எறங்கி, அப்புறமும் பொழச்சாங்க, அது உறையிற தண்ணிங்கறதாலயும் கொஞ்ச நேரம் ஒரு காத்துப் பொந்து கெடச்சதாலயும் நடந்தது. நம்மூரு வெதுவெதுப்பான கெணத்துத் தண்ணில அந்தக் கணக்க நம்பிட்டு உயிரப் பணயம் வெச்சு இறங்காதீங்க. முக்கால்வாசி நேரம் நீங்க எடுக்கப் போறது உடலத்தான், அது தெரிஞ்சதுக்கு அப்புறம் அவசரத்துக்கு அங்க வேலையே கெடையாது, அவசர உதவி எண் 112-க்குச் சொல்லிட்டு தீயணைப்பு ஆளுங்க வந்தப்புறம் அவங்களோட சேர்ந்து இறங்குங்க. பாதாளக் கரண்டி போட்டு எடுக்க முடிஞ்சா ஆளே இறங்க வேண்டாம்.

அப்ப என்ன வாங்கறது? ரெண்டு செட்டும் ஒண்ணு போல, 12 லிட்டர் ஸ்டீல், சாதா ஜாக்கெட், சாதா மாஸ்க், ஒவ்வொண்ணுலயும் காத்து தீர்ந்தா அவசரத்துக்குன்னு தனியா ஒரு 3 லிட்டர் குட்டி சிலிண்டர். ஒண்ணு இறங்கறவருக்கு, இன்னொண்ணு கரையில சூட் போட்டு ரெடியா உக்காந்திருக்கற பேக்கப் டைவருக்கு. ரெண்டு செட்டையும் ஒரே நேரத்துல தேட இறக்கினா உள்ள மாட்டினவர எடுக்க ஆளே இருக்காது. ரெண்டும் ஒண்ணு போலன்னு ஏன் சொல்றேன்னா, கத்திரி இடது நெஞ்சுல, குட்டி சிலிண்டரோட ரெகுலேட்டர் கழுத்துக்குக் கீழ ரப்பர் வளையத்துலன்னு எல்லார் உடம்புலயும் ஒரே எடத்துல இருந்தாத்தான் இருட்டுல பேக்கப் டைவர் கை நேரா அங்க போகும். மிச்சப் பணத்துக்கு வீசு கயிறு வாங்குங்க, உயிரோட காப்பாத்தறதுல ஸ்கூபாவவிட அதுக்குத்தான் வேலை அதிகம்.

குட்டி சிலிண்டர்னு மூணு விதமா சொல்றாங்க சார். கையடக்கமா தண்ணி பாட்டில் சைஸ்ல ஒண்ணு விக்கிறாங்க. அது போதாதா? ரெகுலேட்டர்லயே ரெண்டாவதா ஒரு வாய்ப்பகுதி இருக்கே, ஆக்டோபஸ்னு, அப்புறம் தனியா வேற எதுக்கு?
- இன்ஜினியரிங் மாணவர், சேலம்

ஆக்டோபஸ் ஒரே இளநீர்ல போட்ட ரெண்டாவது ஸ்ட்ரா. உங்க சிலிண்டர் தீர்ந்தா அதுவும் தீர்ந்துச்சு. பக்கத்துல ஜோடியா நீந்தறவருக்குக் குடுக்கறதுக்குத்தான் அது, கலங்கல் தண்ணில கயித்துல கட்டித் தனியா இறங்கறவருக்குப் பக்கத்துல யாரு இருக்கா? அந்தக் கையடக்க பாட்டில்ல 3 கன அடி சைஸ எடுத்துக்குங்க, அதாவது 85 லிட்டர். மேல போட்ட அதே கணக்குல 10 மீட்டர்ல ஒரு நிமிஷம், 20 மீட்டர்ல முக்கா நிமிஷம்கூட வராது. தெளிஞ்ச கடல்ல நேரா மேல வந்துரலாம், சரி. முள்ளுல மாட்டிக்கிட்டவருக்கு ஒரு நிமிஷத்துல என்ன ஆகும்? 3 லிட்டர் சிலிண்டர் 200 பார்ல 600 லிட்டர், 10 மீட்டர்ல ஏழரை நிமிஷம், பேக்கப் டைவர் கயித்தப் புடிச்சு வந்து சேர அது போதும். அதுக்குத் தனி ரெகுலேட்டர், தனி மீட்டர் இருக்கணும்.

ஆன்லைன்ல ஃபுல் ஃபேஸ் மாஸ்க் 2500 ரூபாய்க்கே வருது அண்ணா. நீங்க ஏன் எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்றீங்க?
- நாகர்கோவில் வாசகர்

தம்பி, அது தண்ணி மேல மிதந்துக்கிட்டு மீன் பாக்கறதுக்கு வர்ற ஸ்நார்கல் மாஸ்க். அதுல சிலிண்டர் இணைக்கவே கூடாது, அதப் போட்டுக்கிட்டு ஆழத்துக்கும் போகக்கூடாது. நெஜமான டைவிங் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வேற ஜாதி, ஸ்வீடன்ல செய்யற இன்டர்ஸ்பிரோ, இத்தாலிக்காரங்களோட ஓஷன் ரீஃப், அமெரிக்காவோட கிர்பி மோர்கன்னு இருக்கு, விலை உங்க மாஸ்க்கோட பல மடங்கு.

நல்லதுதான் அது, நான் இல்லன்னு சொல்லல. சாக்கடைத் தண்ணி வாய்லயும் மூக்குலயும் படாது, மயங்கினாலும் வாய்ல இருந்து ரெகுலேட்டர் நழுவாது, மைக் வெச்சு மேல இருக்கறவங்களோட பேசலாம். ஆனா காத்து தீர்ந்தா மூஞ்சியில இருந்து மொத்தத்தையும் கழட்டணும், கண்ணு தெரியாத தண்ணில அந்த நேரத்துல அது சாதாரணக் காரியமில்ல, தனியா பாக்கெட்ல ஒரு சாதா மாஸ்க் வேற இருக்கணும். இதத் தவிர்க்க நெஞ்சுல ஒரு ஸ்விட்ச் பிளாக் வைப்பாங்க, குமிழத் திருப்பினா குட்டி சிலிண்டர் காத்து அதே மாஸ்க்குக்கு வந்துரும். அந்த பிளாக் இல்லாம மாஸ்க் மட்டும் வாங்கறது பாதிக் கெணறு தாண்டற வேலை.

2018-ல தாய்லாந்து குகையில மாட்டுன பசங்களுக்கும் இந்த மாஸ்க்தான் போட்டாங்களா? நீச்சலே சரியா தெரியாத பசங்க எப்படி ஸ்கூபால வந்தாங்கன்னு என் வகுப்புல கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியல.
- பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பசங்க நீந்தியே வரல டீச்சர். தாம் லுவாங் குகைக்குள்ள ஜூன் 23 போனாங்க 12 பசங்களும் கோச்சும், பிரிட்டிஷ் குகை டைவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வோலந்தன் ரெண்டு பேரும் ஜூலை 2 கண்டுபிடிச்சாங்க. தண்ணிக்கு அடியில பையன் பயந்து கைகால் ஒதறினா அவனும் சாவான், கூட வர்றவரும் சாவாருங்கறதால, ஆஸ்திரேலிய மயக்க மருந்து டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ் கெட்டமின் ஊசி போட்டுத் தூங்க வெச்சார். தூங்கறவன் ரெகுலேட்டரக் கடிச்சுப் புடிக்க மாட்டான் இல்லையா, அதனாலதான் ஃபுல் ஃபேஸ் மாஸ்க், அதுலயும் உள்ள எப்பவும் அழுத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கற ரகம், ஓரத்துல சின்ன இடைவெளி விழுந்தாலும் காத்து வெளிய போகுமே தவிர தண்ணி உள்ள வராது. சிலிண்டர் முதுகுல இல்ல, முன்பக்கம் கட்டினாங்க, அதுல ஆக்சிஜன் அதிகமா கலந்த காத்து. மாஸ்க் சின்ன மூஞ்சிக்குப் பொருந்துதான்னு பக்கத்து ஊர்ப் பசங்கள வெச்சு நீச்சல் குளத்துல ஒத்திகையும் பாத்தாங்க.

செட்டு ஒப்பீடுன்னா அங்கதான் பாடம். தாய்லாந்து கடற்படை வீரர்கள் கடல்ல பழகினவங்க, முதுகுல சிலிண்டர். பிரிட்டிஷ்காரங்க ரெண்டு பக்க விலாவுலயும் ஒவ்வொரு சிலிண்டர் தொங்கவிட்டு, ரெண்டுக்கும் தனித்தனி ரெகுலேட்டர், குறுகலான பொந்துல கழட்டி முன்னால தள்ளிக்கிட்டும் போகலாம். பழகினவங்களுக்கே அந்தக் குகை ஆபத்தானதுதான், ஜூலை 6 அன்னைக்கு முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உள்ள சிலிண்டர்கள வெச்சுட்டுத் திரும்பி வர்றப்ப உயிர விட்டார்.

என் வீட்டுக்காரர் தீயணைப்புத் துறைல இருக்கார். புகைக்குள்ள போறப்ப போடற பி.ஏ. செட்டையே (சிலிண்டரோட வர்ற மூச்சுக் கருவி) கிணத்துத் தண்ணிக்குள்ளயும் போட்டுக்கலாம்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. சரியா?
- வாசகி, விருதுநகர்

வேண்டவே வேண்டாம்மா, அது புகைக்காகச் செஞ்சது, தண்ணிக்குள்ள மூச்சு விட அத வடிவமைக்கவே இல்ல. ஆனா தண்ணி இல்லாத பாழுங்கெணறு, கழிவுநீர்த் தொட்டிக்கு பி.ஏ. செட்தான் சரி. இத ஸ்கூபாக்காரங்களும் கவனிக்கணும், பயன்படுத்தாத கெணத்துல தண்ணிக்கு மேலயே விஷவாயு தேங்கி நிக்கும், ஆக்சிஜன் குறைஞ்சு கெடக்கும், அதனால ரெகுலேட்டர தண்ணி தொட்டதும் இல்ல, கெணத்து மேட்டுலயே வாய்ல வெச்சுக்கணும், திரும்ப மேட்டுக்கு வர்ற வரைக்கும் எடுக்கக்கூடாது. விளக்க இறக்கிப் பாக்கற பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவ மட்டும்தான் காட்டும், மீத்தேன் இருந்தா வெடிக்கவும் வெடிக்கும்.

கொள்ளிடத்துல வெள்ளம் போறப்ப டைவர இடுப்புல கயிறு கட்டி இறக்கறது பாதுகாப்புதானே?
- திருச்சி வாசகர்

ஓடற வெள்ளத்துல ஸ்கூபாவே கூடாது. தண்ணி வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற விசை நாலு மடங்கு, முதுகுல சிலிண்டரும் ஜாக்கெட்டும் சேர்ந்தா இன்னும் அகலமாத் தடுக்கும். கயிறு வேற இழுத்துப் புடிச்சா ஆள அப்படியே அடியில அமுக்கிரும். அதுக்குன்னு லைஃப் ஜாக்கெட்லயே ஒரு இழுப்புல கயித்தக் கழட்டிவிடற பட்டையோட வர்ற செட்டு இருக்கு, அதுகூட பழகினவங்களுக்குத்தான். தடுப்பணைக்குக் கீழ தண்ணி சுருண்டு திரும்ப அணைப் பக்கமே இழுக்கும், அங்க ஆளே எறங்கக்கூடாது, கரையில இருந்து கயிறு வீசணும், இல்லன்னா நீளமான மூங்கில்.

நின்ன தண்ணில கயிறு கட்டாயம். ஆனா இடுப்புலயோ ஜாக்கெட்லயோ இல்ல, ஜாக்கெட்டுக்கு உள்ள நெஞ்சுல போடற தனிப் பட்டைல, ஏன்னா முள்ளுல மாட்டி ஜாக்கெட்டக் கழட்ட வேண்டி வந்தாலும் கயிறு உடம்போட இருக்கணும். இழுப்புச் சைகைய முன்னாடியே பேசி வைங்க. அமெரிக்கக் கடற்படை முறையில நாலு இழுப்புன்னா மேல வா, ரெண்டு ரெண்டா மூணு தடவை இழுத்தா மாட்டிக்கிட்டேன் உதவி அனுப்பு, நாலு நாலா மூணு தடவைன்னா உடனே இழுத்துத் தூக்கு.

சிலிண்டர்ல இருக்கறது ஆக்சிஜன்தானே?
- பலர்

இல்ல, வடிகட்டி அழுத்தின சாதாக் காத்து. சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழ போனா வலிப்பு வர வைக்கும். நெரப்பறப்ப கம்ப்ரசர் காத்து இழுக்கற குழாய் பக்கத்துல வண்டிப் புகை இல்லாம பாத்துக்குங்க.

சாக்கடை கலந்த ஏரியில எறங்க, உள்ள தண்ணி புகாத டிரை சூட் வாங்கலாமா, நம்ம வெயிலுக்குத் தாங்குமா?
- ஆம்பூர் வாசகர்

ரப்பர் பூசின டிரை சூட்தான் கழுவிச் சுத்தம் பண்ண லேசு, ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கற வெட் சூட் அழுக்கத் தண்ணியோட உறிஞ்சிக்கும். அசுத்தத் தண்ணிய லேசா நெனைக்காதீங்க, அதே தாய்லாந்து மீட்புல தொத்துன ரத்தக் கிருமியால இன்னொரு கடற்படை வீரர் 2019 டிசம்பர்ல இறந்தார். வெயிலு பெரிய பிரச்சினைதான், பேக்கப் டைவர் அந்த சூட்டோட கரையில உக்காந்தே மயங்கி விழுவார், நெழலு, தலையில ஊத்தத் தண்ணி, குடிக்கத் தண்ணி ஏற்பாடு இல்லாம அந்த சூட்டத் தொடாதீங்க.

கடைசியா ஒண்ணு சார், டைவிங் கத்தி எந்த கம்பெனி நல்லது?
- ராமேஸ்வரம் வாசகர்

கத்திய விடுங்க, ஆம்புலன்ஸ்ல துணி வெட்டற முனை மழுங்கின கத்திரி ரெண்டு வாங்குங்க, ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு தொடைல. தூண்டில் நரம்பும் வலையும் இருட்டுல சுத்திக்கிச்சுன்னா கத்தியால அறுக்க அத இழுத்துப் புடிக்கணும், கத்திரிக்கு ஒரு கை போதும், ஜாக்கெட் பையும் கிழியாது. உப்புத் தண்ணில துரு ஏறிக் கீல் இறுகிரும், அதனால ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில அலசி எண்ணெய் விடுங்க.