பதினேழு வயதில் எவ்வளவு முடிவு செய்தால் போதும்?

"எந்தப் படிப்பில் சேர்த்தால் என் மகள் கடைசிவரை கவலையில்லாமல் இருப்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு படிப்பு கிடையாது. இருப்பதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 22 வயதில் வேலைக்குப் போனால் 60 வரை 38 ஆண்டுகள் உழைக்கப்போகிறாள். அத்தனைக்கும் சேர்த்து இப்போதே முடிவெடு என்று அவளை நெருக்குவது நியாயமில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் போதும்.

1908இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு மையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் பொருத்தம் பார்க்கச் சொன்னார்: ஆளின் இயல்பு ஒருபக்கம், வேலையின் தேவை மறுபக்கம். இன்றும் அது தேவைதான். ஆனால் ஆளும் மாறுகிறார், வேலையும் மாறுகிறது. 1950களில் அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர் வேலை வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது, தேடிப் பார்க்கும் பருவத்தை ஏறக்குறைய 15 முதல் 24 வயது வரை வைத்தார். ஆக, உங்கள் மகளின் குழப்பம் அவள் வயதுக்கு உரியது. நாற்பது வயதில் துறை மாறுகிறவரும் மறுபடி ஒரு சின்னத் தேடலிலிருந்துதான் தொடங்குகிறார் என்பதையும் சூப்பர் பின்னாளில் சொன்னார்.

சரி, அப்படியென்றால் திட்டமே வேண்டாமா? வேண்டும். வேலையில் சேர்ந்தபிறகும் ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்துத் திருத்துகிற திட்டம் வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்லூரியில் சேர்க்கும்வரை வீடே சேர்ந்து யோசிக்கிறது. வேலை கிடைத்ததும் யோசிப்பது நின்றுவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து வேலை போனாலோ சலித்தாலோதான் பயோடேட்டாவைத் தேடுகிறார்கள். அப்போது என்ன எழுதுவது என்றே தெரிவதில்லை.

அதனால் உங்கள் மகளுக்கு ஒரு பழக்கத்தை இப்போதே சொல்லிக்கொடுங்கள். ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை, தான் செய்த வேலையை எழுதி வைக்கட்டும். "கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன்" என்று எழுதினால் பயனில்லை. "மாதக் கணக்கு முடிக்க ஐந்து நாள் ஆனது. ஒரே பில் இரண்டு இடத்தில் பதிவாவதைக் கண்டுபிடித்தேன். அதைச் சரிசெய்தபிறகு மூன்று நாளில் முடிகிறது" என்று எழுத வேண்டும். என்ன சிக்கல், தான் என்ன செய்தாள், அதனால் என்ன மாறியது என்பது மூன்று வரியில் வந்துவிடும். சம்பள உயர்வு கேட்கும்போதும் இண்டர்வியூவிலும் இந்த வரிகள்தான் பேசும். கல்லூரியில் செய்யும் புராஜெக்டிலிருந்தே தொடங்கலாம். ஆண்டு முடிவில் புரட்டினால் எந்த வேலையை விரும்பிச் செய்தாள், எதைத் தள்ளிப்போட்டாள், புதிதாக எதையுமே கற்காமல் எத்தனை மாதம் ஓடியது என்பதும் கண்ணில் படும்.

ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பதும் முக்கியம். வேலை வாய்ப்புத் தகவல் யார் வழியாக வருகிறது என்று அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தெரிந்தவர் எப்போதாவது பார்க்கிறவராகத்தான் இருந்தார். காரணம் எளிது: தினமும் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததே தெரியும், தூரத்துப் பழக்கம்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவரும். பழைய ஆசிரியர், முன்பு கூட வேலை பார்த்தவர் ஆகியோரிடம் ஏதும் தேவைப்படாத நாளிலும் அவள் நலம் விசாரித்துப் பேசட்டும்.

நடுவயதில் வேறு கேள்விகள் வரும். நன்றாக வேலை செய்கிறவரை மேலாளர் ஆக்குவார்கள். ஆனால் தானே செய்வதும் பிறரைச் செய்யவைப்பதும் இரண்டு தனித் திறமைகள். பிடிக்காவிட்டால், துறை வல்லுநராகவே உயர வழியிருக்கிறதா என்று தயங்காமல் கேட்கலாம். குழந்தைக்காகவோ உடல்நலத்துக்காகவோ இடைவெளி எடுக்க நேரலாம். அந்த நாளில் அவமானமாக நினைக்காமல், கூடவே இருந்து திரும்பி வரும் வழியைப் பேசுங்கள். அப்புறம் பணம்: ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால் ஒவ்வாத வேலையை விட்டு வெளியே வரும் தைரியம் தானாக வரும். முதல் சம்பளத்திலிருந்தே இதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளுக்கு ஆர்வமுள்ள துறையில் வேலை பார்க்கும் இருவரைப் பிடித்து, ஆளுக்கு அரை மணி நேரம் பேச வையுங்கள். ஒருவர் வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு ஆனவர், மற்றவர் இருபது ஆண்டு கண்டவர். சம்பளத்தை முதலில் கேட்க வேண்டாம். நேற்றுக் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள், சேர்ந்தபிறகு புதிதாக எதைக் கற்க வேண்டியிருந்தது, இந்த வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அவளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம்.