சூரியனப் பாக்க சுரங்கத்துக்குள்ள ஏன் எறங்கணும்?

கேள்வி: சூரியன் வானத்துல இருக்கு, நியூட்ரினோவ புடிக்க மட்டும் எதுக்கு பூமிக்கடியில போறாங்க?

பதில்: நல்லா கேட்டீங்க! உங்க கட்டைவிரல் நகத்து வழியா செகண்டுக்கு சுமார் 6,000 கோடி சூரிய நியூட்ரினோ (சூரியனுக்குள்ள உருவாகற, மின்சுமையே இல்லாத குட்டித் துகள்) போகுது, ஆனா கிட்டத்தட்ட எதுமேலயும் மோதாம நழுவிடும், மேல இருந்தா விண்வெளியில இருந்து கொட்டற காஸ்மிக் கதிர் சத்தத்துல அது கேக்கவே கேக்காது, அதான் அந்தக் கதிர தடுக்க மேல பாறைய கூரையா வச்சுக்கறாங்க.

அமெரிக்காவுல ரே டேவிஸ்னு ஒரு கெமிஸ்ட், 1960கள்ல ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துல கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துல பெரிய டேங்க் வச்சு, சுமார் 3,80,000 லிட்டர் ட்ரை க்ளீனிங் திரவத்த ஊத்தினார் (ஆமாங்க, பட்டுப்புடவைய வெளுக்கிறதேதான்!). அதுல இருக்கற க்ளோரின் அணுமேல நியூட்ரினோ பட்டா அது ஆர்கான்ங்கற வாயு அணுவா மாறிடும். சில வாரத்துக்கொருக்கா ஹீலியத்த ஊதி அந்த ஆர்கான வெளிய எடுத்து எண்ணுவாங்க, அத்தன டன் திரவத்துல கெடைக்கறது வெறும் சில டஜன் அணு, வைக்கோல் போர்ல ஊசியெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

வந்த கணக்கு எதிர்பாத்ததுல மூணுல ஒரு பங்குதான். மனுஷன் தப்பா எண்ணிட்டார்னு பலர் நெனச்சாங்க. அப்புறம் கனடாவுல 1,000 டன் கனநீர் (கனமான ஹைட்ரஜன் இருக்கற தண்ணி) வச்ச சட்பரி ஆய்வுக்கூடம் 2001, 2002ல சொல்லிச்சு: நியூட்ரினோ வர்ற வழியிலயே வகை மாறிடுது, டேவிஸ் டேங்குக்கு ஒரு வகைதான் தெரியும். 2002ல நோபல் வாங்கறப்ப அவருக்கு 88 வயசு.