அடிசன்ஸ் நோய் இருந்தா ஆயுசு முழுக்க ஸ்டீராய்டு சாப்பிட்டே ஆகணுமா? எப்படி சமாளிக்கிறீங்க?

ஆமாங்க, சாப்பிட்டே ஆகணும். எனக்கு அடிசன்ஸ்தான். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பிய என் உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிருச்சு, அதனால கார்டிசால் (உடம்பு நோயத் தாங்க உதவுறது), ஆல்டோஸ்டிரோன் (உப்பையும் பிரஷரையும் பாத்துக்கிறது)ங்கிற ரெண்டு ஹார்மோனும் சுரக்கிறதில்ல. நம்ம ஊர்ல டிபியாலயும் இது வரும், அதனால எனக்கு டிபியும் இருக்கான்னு பாத்தாங்க.

கண்டுபிடிக்கத்தான் ரொம்ப லேட். ஒரே அசதி, எடை குறையுது, எந்திரிச்சா தலை சுத்துது, ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரையா குடுத்துட்டு இருந்தாங்க. நான் கருத்துக்கிட்டே வந்தேன், சொந்தக்காரங்க "ஏண்டி வெயில்ல அலையுறியா"ன்னு கேட்டாங்களே தவிர அது நோயா இருக்கும்னு யாருக்கும் தோணல, நம்ம நிறத்துக்கு அது சட்டுன்னு தெரியவும் தெரியாது. கடைசில பாத்த ஹார்மோன் டாக்டரம்மா உள்ளங்கை ரேகையும் ஈறும் கருத்திருக்கிறத பாத்துட்டு, "உப்பா சாப்பிடணும்னு இருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் ஊறுகாய வெறுமனே நக்கிட்டு இருந்த காலம் அது! டெஸ்ட்ல சோடியம் கம்மி, பொட்டாசியம் ஜாஸ்தி, காலை 8 மணி கார்டிசால் ரொம்பக் கீழ, சுரப்பிய தூண்டுற ஊசி போட்டுப் பாத்தும் ஏறல.

இப்ப கார்டிசாலுக்குப் பதிலா ஹைட்ரோகார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை எந்திரிச்ச உடனே 10 மில்லிகிராம், மதியம் 5, சாயங்காலம் 5, கூடவே ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலா ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.1 மில்லிகிராம். இது என் டோஸ், உங்களுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. சாயங்கால மாத்திரைய ராத்திரிக்குத் தள்ளுனா எனக்கு தூக்கம் போயிரும். மாமியாருக்கு பிரஷர், அதனால குழம்புல உப்பு கம்மியாதான் இருக்கும், நான் என் தட்டுல தனியா போட்டுக்குவேன்.

நோய விட பெரிய தொல்லை "ஐயோ ஸ்டீராய்டா, கிட்னி போயிரும், நிறுத்திரு"ன்னு சொல்ற ஆளுங்கதான். உடம்பு தானா சுரக்க வேண்டியதத்தான் நாம வெளிய இருந்து குடுக்கிறோம், அத திடீர்னு நிறுத்துனா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து, இத எத்தன தடவ சொன்னாலும் அடுத்த கல்யாண வீட்ல அதே பேச்சு. இருமலுக்கு நல்லதுன்னு அதிமதுர கஷாயம் குடுப்பாங்க, அதையும் வேணாம்னுருவேன், அது நம்ம மாத்திரையோட சேந்து பிரஷர ஏத்தி பொட்டாசியத்த இறக்கிவிடும்.

முக்கியமான விஷயம் காய்ச்சல். மத்தவங்களுக்கு காய்ச்சல் வந்தா உடம்பே கார்டிசால கூட்டிக்கும், நமக்கு நாமதான் கூட்டணும், எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறது ஹைட்ரோகார்டிசோன் டபுள் டோஸ், காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. வாந்தி வந்து மாத்திரை தங்கலன்னா வெயிட் பண்ணவே கூடாது, ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி தொடைல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்க வீட்டுக்காரர் நர்ஸ்கிட்ட ஊசி போட கத்துக்கிட்டாரு. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல வெறும் குளுக்கோஸ் ஏத்திட்டு "சரியாயிரும்மா"ன்னு உக்கார வச்சிருவாங்க, அதனால என்ன நோய், எந்த ஊசி, எவ்ளோன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதின கார்டு பர்ஸ்ல இருக்கு. பல்லு புடுங்கினாலும் ஆபரேஷன்னாலும் முன்னாடியே காட்டிருவேன்.

மத்தபடி வேலைக்குப் போறேன், வர்றேன். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கே இது இருந்துச்சு. ஃப்ளூட்ரோகார்டிசோன் மட்டும் எங்க ஏரியா மெடிக்கல் ஷாப்ல சொல்லி வச்சாதான் வரும், அதனால தீபாவளி பொங்கல் லீவுக்கு முன்னாடியே ரெண்டு மாசத்துக்கு வாங்கி வச்சுக்குவேன்.