யூனிகோட் இருக்கும்போது ஜப்பான்காரர்கள் ஏன் இன்னும் ஷிஃப்ட்-ஜிஸ் கோப்புகளையே அனுப்புகிறார்கள்? திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரிகிறதே?

நீங்கள் ஏதோ ஜப்பான் ப்ராஜெக்டில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், இன்றைக்குள் டேட்டாவை ஏற்றியாக வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் அவசரத்துக்கு ஆகிறதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட்-ஜிஸ் என்பது ஜப்பானிய எழுத்துகளைக் கணினியில் பைட்டாகச் சேமிக்கும் பழைய குறியீட்டு முறை; சிபி932 அதன் மைக்ரோசாஃப்ட் வடிவம். கோப்பைத் திறக்கும் கோடில் 'ஷிஃப்ட்-ஜிஸ்' என்று கொடுக்காதீர்கள், 'சிபி932' என்று கொடுங்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது வருவார்கள். ஒன்றில்லை. தகஹாஷி என்பது ஜப்பானில் மிகப் பரவலான குடும்பப் பெயர். அதன் முதல் எழுத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. வழக்கமான வடிவத்தின் மேல்பாதியில் ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். இன்னொன்றில் அந்தச் சதுரத்தின் பக்கக் கோடுகள் மேலும் கீழும் நீண்டு ஏணி போல நிற்கும். ஏணி வடிவம் 1978-ல் வந்த ஜிஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) எழுத்துப் பட்டியலில் தனி எழுத்தாக இல்லை. ஐபிஎம் கூடுதலாகச் சேர்த்த எழுத்துகளில் இருந்தது. மைக்ரோசாஃப்டின் சிபி932 அதை உள்ளே எடுத்துக்கொண்டது.

எங்களுக்கு வந்த வாடிக்கையாளர் பட்டியலை 'ஷிஃப்ட்-ஜிஸ்' என்று கொடுத்துத் திறந்தபோது பைத்தான் அந்த எழுத்தில் பிழை காட்டி நின்றது. அணியில் ஒருவர் பிழையை ஒதுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சேர்த்தார், ஓடிவிட்டது. ஏணி எழுத்து வைத்த தகஹாஷிகள் எல்லாரும் ஹாஷி ஆகிவிட்டார்கள். ஹாஷி என்றும் குடும்பப் பெயர் உண்டு, அதனால் டெஸ்டிங்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்து நெடுவரிசையில், ஒலியைக் குறிக்கும் காதகானா எழுத்தில் உச்சரிப்பு 'தகஹாஷி' என்றே இருந்ததைப் பார்த்துத்தான் நான் பிடித்தேன். ஒருவருடைய பெயரில் பாதி போவது சின்ன விஷயமில்லை.

இப்போது உங்கள் 'ஏன்'. ஒரு பைட்டில் 256 இடம்தான். 1969-லேயே காதகானாவை அதற்குள் அடக்கிவிட்டார்கள். 1978 பட்டியலிலோ கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த எழுத்துகள், மட்டும் 6,349. பழைய காதகானா கோப்புகள் கெடாமல், மிச்சமிருந்த இடங்களை முதல் பைட்டாக வைத்துக் கான்ஜியை நுழைத்ததுதான் 1980-களின் ஷிஃப்ட்-ஜிஸ். ஒரு பைட் எழுத்து திரையில் அரை அகலம், இரண்டு பைட் எழுத்து முழு அகலம். ஆக, பெயருக்கு 20 பைட் ஒதுக்கினால் அச்சிலும் 20 கட்டம், பத்து கான்ஜி. இந்தக் கணக்கை நம்பி எழுதிய நிரல்கள் ஏராளம். யூனிகோடைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8-ல் பெரும்பாலான கான்ஜிக்கு மூன்று பைட்; அதே பத்து எழுத்து 30 ஆகி, அடுத்த நெடுவரிசைக்குள் போய் இடிக்கும்.

குறை இல்லாமலும் இல்லை. சில எழுத்துகளின் இரண்டாம் பைட் 92 ஆக விழும். ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியீட்டில் அது பின்சாய்வுக்கோடு (\). காதகானா 'ஸோ' அப்படி ஒன்று. மென்பொருளைக் குறிக்கும் 'ஸோஃப்டோ' அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது! விவரம் தெரியாத கம்பைலர் அந்த பைட்டைப் பின்சாய்வுக்கோடு என்றே எடுத்துக்கொள்ளும், அந்தச் சொல்லே உடையும்.

ஜப்பானுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். புதிதாக எழுதுவது எல்லாம் யுடிஎஃப்-8-ல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கும் நாம் அவர்களைப் பிற்போக்கு என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஒன்பது மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அந்த நேரத்தில் எழுந்து, எந்த பைட் எங்கே போனது என்று ஜப்பானிய மொழியிலேயே பேசித் தீர்க்கிறவனுக்கு அப்ரைசலில் 'மொழிபெயர்ப்பு உதவி' என்று எழுதுகிறார்கள். மொழி அலவன்ஸ் கேட்டால் பட்ஜெட் இல்லையாம். மொழி தெரிந்தவனுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று எவன் சொன்னான்?

சிபி932-லும் உங்கள் கோப்பு நின்றால், எந்த பைட்டில் நின்றது என்று கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன். வாடிக்கையாளர் பெயர் இருக்கும் வரியை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.