பெயர்ப்பலகையில் ‘வங்கி’ என்றிருந்தால்

அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் உள்ள உங்கள் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பலகையிலும் வைப்புநிதி ரசீதிலும் ‘வங்கி’ என்ற சொல் இருப்பதைத் தணிக்கையாளர் குறித்தது சரியே. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்தச் சொல்லைப் பெயரிலோ தொழில் தொடர்பிலோ பயன்படுத்தாமலும், தன் மீது வரையப்படும் காசோலைகளுக்குப் பணம் கொடுக்காமலும் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துக்கே வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. பிசானப் பருவ நெல் சாகுபடிக் கடனுக்கு வரும் ஊரார் ‘பேங்க்’ என்று அழைப்பதைத் தடுக்க முடியாது. அச்சடித்த தாள்தான் உங்கள் பொறுப்பு.

பலகையை மாற்றுமுன் துணைவிதிகளை, அதாவது சங்கம் தனக்கென வகுத்துப் பதிவு செய்த விதிகளை, பாருங்கள். பதிவான பெயரிலேயே அச்சொல் இருந்தால் நிர்வாகக் குழுத் தீர்மானம் போதாது. பொதுப்பேரவை துணைவிதியைத் திருத்தி, அத்திருத்தம் கூட்டுறவுத் துறையில் பதிவாக வேண்டும். மீதமுள்ள பழைய ரசீதுகளை எண் வாரியாகக் கணக்கெடுத்து, ரத்து செய்து, கோப்பில் வையுங்கள்; எரித்துவிட்டால் அடுத்த தணிக்கையில் அதுவே புதுக் குறையாகும்.

உறுப்பினரின் வைப்புநிதியை ரொக்கமாகத் திருப்பித் தருவதற்கான வரம்பு, இத்தகைய சங்கங்களுக்கு, 2023 ஏப்ரல் முதல் 20,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்துள்ளது. வட்டியையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.